வெள்ளிக்கிழமைச் சவரம்

என் தம்பி செர்ஹத்தால் நிம்மதியாக உட்கார முடியாமல் போய் ஆறு வருடமாகிறது. வேறு வேலை செய்பவனாக இருந்தால் நின்றோ நடந்தோ பிழைப்பை ஓட்டிவிடலாம். அவன் பஸ் டிரைவர். துர்ஹாலிலிருந்து இஸ்தான்புல்லுக்குப் பன்னிரண்டு மணி நேர ஓட்டம். அந்த சீட்டைத் தவிர இந்த உலகத்தில் அவன் வேறு எதற்கும் பெரிதாக ஆசைப்பட்டவன் இல்லை. சின்ன வயதில் சாப்பாட்டுத் தட்டைப் பிடித்துத் திருப்பிக்கொண்டு கியர் போடுவான். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது அவனுக்கு வயது பதினொன்று, எனக்கு இருபத்தாறு. வளர்த்தது நான்தான். அதனால்தான் இதை நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

நோய் இருந்த இடம் வெளியே சொல்லக்கூடிய இடமில்லை. வால் எலும்புக்கு மேலே, பிளவு தொடங்கும் இடத்தில், ஊசியால் குத்தினாற்போல மூன்று துளைகள். பார்த்தால் ஒன்றுமில்லை. உள்ளே எலி வளை மாதிரி குடைந்துகொண்டு போயிருக்கும். அதில் முடி சேரும், சீழ் கட்டும், வெடிக்கும், நாறும். எங்கள் ஊர் டிரைவர்களில் நிறைய பேருக்கு இது உண்டு. முடி உள்ளே திரும்பிவிட்டது என்பார்கள். அதற்கு மேல் ஒருவனும் வாய் திறக்க மாட்டான். சீட்டில் காற்றடித்த வளையம் போட்டு உட்கார்ந்திருப்பவனைப் பார்த்தால் மற்றவர்களுக்குப் புரிந்துவிடும், அவ்வளவுதான்.

முதல் கட்டி ராணுவத்தில் ஜீப் ஓட்டியபோது வந்தது. ஊருக்குத் திரும்பி, ஆசைப்பட்ட பஸ் சீட்டில் ஏறிய கொஞ்ச நாளிலேயே ஆபரேஷன். ஒரு எலுமிச்சம்பழ அளவுக்குச் சதையை வெட்டி எடுத்துவிட்டு, தைக்காமல் திறந்தே விட்டார்கள். அடியிலிருந்து தானாகச் சதை வளர்ந்து மூட வேண்டுமாம். நான்கு மாதம் குப்புறக் கிடந்தான். காலையும் மாலையும் பழைய துணியை உருவிப் புதுத் துணியை உள்ளே அடைத்தது நான். இரண்டு விரல் முழுதாக உள்ளே போகும். அவன் தலையணையைக் கடித்துக்கொள்வான், நான் பல்லைக் கடித்துக்கொள்வேன். எழுந்து போனபோது அவன் சீட்டில் வேறொருவன் உட்கார்ந்திருந்தான். ஒரு வருடம் பெட்டி தூக்கிப்போட்டு, பஸ்ஸைக் கழுவி, கெஞ்சி அந்த சீட்டைத் திரும்ப வாங்கினான்.

இரண்டாவது தடவை வேறொரு ஆஸ்பத்திரியில் வெட்டித் தைத்தார்கள். பதினோராம் நாள் தும்மினான். தையல் பிரிந்துவிட்டது. சிரிக்கக்கூடிய விஷயம்தான். அன்று எங்கள் இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

மூன்றாவது தடவை துளைகள் கசிய ஆரம்பித்தபோது அவனுக்கு நெஸ்ரினோடு நிச்சயமாகியிருந்தது. பஸ் நிலையத்தில் என் சலூனுக்கு நேர் எதிரே டிக்கெட் கொடுக்கும் பெண். நல்ல வாயாடி, பெரிய மனசு. முதலாளி சப்ரி முன்னமே சொல்லிவிட்டார், இன்னொரு தடவை மாதக்கணக்கில் படுத்தால் சீட்டை மறந்துவிடு என்று. அவரையும் குறை சொல்ல முடியாது. பஸ் ஓடத்தானே வேண்டும்.

டாக்டர் ஹந்தானிடம் போனோம். பெண் டாக்டர் என்று தெரிந்ததும் செர்ஹத் கதவு வரை போய்த் திரும்பி வந்தான். நான் சட்டைக் காலரைப் பிடித்து உள்ளே தள்ளினேன். அந்தம்மா நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "கவலைப்படாதீங்க தம்பி, நான் பார்க்கிற பக்கத்தை வெச்சு தெருவுல யாரையும் எனக்கு அடையாளம் தெரியாது" என்றார். அவன் முகம் சிவந்துபோய்ப் படுத்தான்.

இரண்டு வழி இருக்கிறது என்றார். ஒன்று பெரியது. குடைந்த இடம் முழுவதையும் வெட்டி எடுத்து, பக்கத்துச் சதையைத் திருப்பிப் பள்ளத்தை மூடித் தைப்பது. ஒன்றரை இரண்டு மாதம் ஸ்டீயரிங் பக்கம் போகக் கூடாது. இன்னொன்று சின்னது. துளையை மட்டும் கொஞ்சம் அகலப்படுத்தி, உள்ளே இருக்கும் முடியை உருவி, ஃபீனால் என்ற அரிக்கும் மருந்துப் படிகத்தைப் போட்டு வளையைச் சுட்டு மூட வைப்பது. அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம், ஒரு வாரத்தில் வேலைக்கும் போகலாம். ஆனால் இவனுக்கு இரண்டு தடவை வெட்டியும் திரும்ப வந்துவிட்டதால் தன் மனசு பெரியதில்தான் இருக்கிறது என்றார்.

சொல்லி முடிக்கும் முன்பே செர்ஹத் சின்னதுக்குத் தலையாட்டிவிட்டான். நானும்தான் ஆட்டினேன். ஜூன் கடைசியில் கல்யாணம். சீட்டு. வேறென்ன யோசிப்பது?

"சரி. ஆனா அந்த இடத்துல முடி அண்டவே கூடாது. வாரா வாரம் எடுக்கணும்" என்றார் டாக்டர்.

இதைக் கேட்டதும் எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? ஆறு வருடமாக டாக்டர்கள் பேசுவதையெல்லாம் கைகட்டிக் கேட்டுக்கொண்டிருந்தவனுக்கு, முதல்முறையாக எனக்குத் தெரிந்த வேலையைக் கொடுத்தார்கள். மார்பு நிமிர்ந்துவிட்டது. "அதை என்கிட்ட விட்டுருங்க டாக்டரம்மா" என்றேன். முடி நீக்கும் கிரீம் போடுங்கள் என்று அவர் ஏதோ சொன்னார். கிரீம் பெண்களுக்கு என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். இருபத்தைந்து வருடமாகக் கத்தி பிடித்த கை இது. அதற்குள் ஒரு நர்ஸ் வந்து அவரைக் கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டாள். நான் என்ன வேலை செய்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் ஆண்கள் எல்லோரும் பள்ளிவாசலுக்குப் போய்விடுவார்கள். பஸ் நிலையமே காலியாக இருக்கும். அதுதான் எங்கள் நேரம். கடைக்கதவைச் சாத்தித் திரையை இழுத்துவிடுவேன். பக்கத்து டீக்கடைக்காரர், அண்ணன் தம்பி ரெண்டு பேரும் தொழுகையை விட்டுவிட்டார்கள் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லிவிட்டுப் போகட்டும். முதலில் செர்ஹத்தை நாற்காலியில் உட்காரவைத்துத் தலைமுடியைத் திருத்துவேன். டிரைவர் என்றால் பிடரி சுத்தமாக இருக்க வேண்டும், பயணிகள் பன்னிரண்டு மணி நேரம் அதைத்தானே பார்க்கிறார்கள். கடைக்குள் வெந்துகொண்டிருக்கும் என்பதால் சட்டையைக் கழற்றிவிடுவான். வெட்டி முடித்து, கழுத்தையும் முதுகையும் பிரஷ்ஷால் தட்டிவிடுவேன். பிறகு வாடிக்கையாளர்கள் காத்திருக்கும் பெஞ்சில் குப்புறப் படுப்பான். நுரை போட்டு, புது பிளேடு மாட்டி, அந்த இடத்தைக் கண்ணாடி மாதிரி வழித்துவிடுவேன்.

அவனுக்குக் கூச்சம் போகவே இல்லை. ஒரு தடவை பெஞ்சில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "அண்ணே, இதை நெஸ்ரின்கிட்ட எப்பவும் சொல்லிராத" என்றான். "ஊர்ல எல்லாக் கன்னத்தையும் வழிக்கிறேன், இதுவும் ஒரு கன்னந்தான்டா" என்றேன். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். கத்தியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவன் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தேன். அந்த ஏழு வெள்ளிக்கிழமைகளில் நான் சந்தோஷமாக இருந்தேன். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

காயம் நாலே வாரத்தில் மூடியது. டாக்டரே ஆச்சரியப்பட்டார். கல்யாணத்துக்கு முந்தைய நாள் மாப்பிள்ளைச் சவரம். மேளமும் ஊதுகுழலும் கடை வாசலுக்கே வந்துவிட்டன. டிரைவர்கள் எல்லோரும் உள்ளே புகுந்து நெருக்கியடித்து நின்றார்கள். வழக்கப்படி நான் கத்தி மழுங்கிப்போச்சு, வெட்ட மாட்டேங்குது என்று மூன்று தடவை அடம்பிடித்தேன், அவர்கள் மூன்று தடவை கூச்சல் போட்டு என் பையில் காசைத் திணித்தார்கள். பாதித் தலைமுடியை வெட்டியதும் செர்ஹத்தை நாற்காலியிலிருந்து தூக்கி ஆடவைத்தார்கள், மறுபடி உட்காரவைத்தார்கள், மறுபடி தூக்கினார்கள். கழுத்தில் கட்டிய துணி எப்போதோ அவிழ்ந்துவிட்டது. முதுகில் வேர்வை ஆறாக ஓடியது. நான் பிரஷ்ஷை எடுத்துப் பிடரியிலிருந்து இடுப்புவரை ஒரே இழுப்பாகத் தட்டிவிட்டு, "போடா மாப்பிள்ளை" என்று முதுகில் ஒரு அடி வைத்தேன்.

ஜூலை நடுவில், இஸ்தான்புல்லிலிருந்து திரும்பி வரும் வழியில், கெரெதேவுக்குப் பக்கத்தில், பட்டப்பகலில், ஒரு வளைவில் வலி தாங்காமல் இடுப்பைத் தூக்கினான். பஸ் கோட்டைத் தாண்டி ஓரத் தடுப்பை உரசிவிட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பின்னால் தூங்கிக்கொண்டிருந்த மாற்று டிரைவரை எழுப்பி ஸ்டீயரிங்கைக் கொடுத்துவிட்டு, மீதி வழி முழுவதும் படிக்கட்டுப் பக்கத்தில் நின்றுகொண்டே வந்தான். பேண்ட்டின் பின்பக்கம் நனைந்திருந்தது. நாற்பது பேர் பார்த்தார்கள்.

சப்ரி முதலாளி கூப்பிட்டுப் பேசினார். கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. அக்டோபர் முதல் தேதிக்குள் முழுசாகக் குணமாகி டாக்டர் கையெழுத்தோடு வந்தால் சீட்டு, இல்லாவிட்டால் இதோடு முடிந்தது என்றார். வீட்டுக்கு வந்த செர்ஹத் உட்காரவும் இல்லை, படுக்கவும் இல்லை. சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்து நின்றான்.

"அண்ணே, என் உடம்புக்கு என்னைப் பிடிக்கல. நான் என்ன பண்ணினாலும் அது என்னை உள்ளுக்குள்ளேயே தோண்டிக்கிட்டு இருக்கு. இன்னொரு தடவை வந்துச்சுன்னா நான் பஸ்ஸை எங்க கொண்டுபோய் விடுவேன்னு எனக்கே தெரியாது."

அன்றைக்கே டாக்டரிடம் ஓடினேன். ஆகஸ்ட் முதல் வாரமே பெரிய ஆபரேஷனுக்கு நாள் குறித்தோம்.

ஆபரேஷன் முடிந்ததும் டாக்டர் ஹந்தான் என்னைத் தனியாக அவர் அறைக்குக் கூப்பிட்டார். நல்லபடியாக முடிந்தது என்றார். பிறகு ஒரு வெள்ளைத் துணியை மேசை விளக்குக்கு அடியில் விரித்தார். உள்ளேயிருந்து எடுத்த முடி. ஒரு சின்னப் பஞ்சு உருண்டையளவு இருக்கும். ஊசியால் பிரித்துப் பிரித்து வைத்திருந்தார்.

எனக்கு யாரும் விளக்கிச் சொல்லத் தேவையிருக்கவில்லை. என் தொழில் முடி. அந்த இடத்தில் வளரும் முடி எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும், ஏழு வாரம் வழித்தவன் நான். சுருண்டு, முரடாக, ஒரு பக்கம் வேரோடு இருக்கும். இது நேராக, மெல்லியதாக, அரை விரற்கடைக்கும் குறைவாக, இரண்டு முனையும் சீராக வெட்டுப்பட்டு இருந்தது. பிடரி முடி. மெஷினும் கத்தரியும் போட்ட முடி. தினமும் மாலை என் கடைத் தரையிலிருந்து நான் கூட்டி அள்ளுகிற முடி.

"உங்க தம்பிக்கு நரை இருக்கா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். ஊசி முனையால் ஐந்தாறு வெள்ளை முடியை ஒதுக்கிக் காட்டினார். ஒன்று செம்பட்டை. சாயம் பூசிய கறுப்பு ஒன்று. அது யாருடையது என்றுகூட என்னால் சொல்ல முடியும், ஊரில் அந்தச் சாயம் பூசுகிறவர் ஒருவர்தான். அவர் காத்திருந்த பெஞ்சில்தான் என் தம்பி படுத்தான். அவர் கழுத்தைத் தட்டிய பிரஷ்ஷால்தான் என் தம்பியின் முதுகைத் தட்டினேன். ஊர் ஆண்கள் எல்லோருடைய முடியும் அவன் சதைக்குள் கிடந்தது.

"நீங்க என்ன வேலை பார்க்கிறீங்க?" என்றார் டாக்டர், ரொம்ப மெதுவாக.

சொன்னேன். வெள்ளிக்கிழமைகளைப் பற்றியும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். வெட்டிய முடி முள் மாதிரி கூர்மையாக இருக்கும், வேர்வையில் முதுகு வழியாக இறங்கிப் பிளவில் தங்கும், உட்கார்ந்து அசைய அசையத் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். கத்தியால் வழித்தது அந்த இடத்துத் தோலைக் கீறிக் கதவைத் திறந்துவிட்டமாதிரி. எல்லோருக்கும் இப்படித்தான் வரும் என்று தன்னால் சொல்ல முடியாது, ஆனால் இந்தத் தடவை வந்தது இதனால்தான் என்று தோன்றுகிறது. அன்றைக்கே உங்கள் வேலையைக் கேட்டிருக்க வேண்டும், என் தப்பும் இருக்கிறது என்றார். அந்தம்மாவின் பெருந்தன்மை அது. எனக்கு அது ஒரு ஆறுதலும் தரவில்லை. கிரீம் என்று அவர் சொன்னது என் காதில் விழத்தான் செய்தது.

எப்படி வார்டு வரை நடந்தேன் என்று தெரியவில்லை. செர்ஹத் குப்புறக் கிடந்தான். தலைமாட்டில் நெஸ்ரின் ஸ்ட்ரா வைத்து அவனுக்கு ஐரான் மோர் கொடுத்துக்கொண்டிருந்தாள். சொல்லாமல் விட்டுவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன், பொய் சொல்வானேன். ஆனால் சொல்லாவிட்டால் அவன் மறுபடியும் என் கடைக்கு வருவான். வந்து சட்டையைக் கழற்றிவிட்டு உட்காருவான். அதனால் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். துணியில் பார்த்த வெள்ளை முடி வரைக்கும் சொன்னேன்.

அவன் முகத்தைத் திருப்பவில்லை. கேள்விதான் கேட்டான்.

"மிலிட்டரிக்குப் போறதுக்கு முன்னாடி எனக்கு மொட்டை போட்டது யாரு?"

"நான்தான்."

"ரெண்டாவது ஆபரேஷனுக்கு முன்னாடி, டாக்டர் முன்னாடி சுத்தமா இருக்கணும்னு முடி வெட்டினது?"

"நான்தான்டா."

"ஒவ்வொரு தடவையும் நான் என் உடம்பைத்தான் திட்டினேன். வாய்க்கு வந்தபடி திட்டினேன். அப்ப எல்லாம் நீ பக்கத்துலதான் இருந்த."

"என்னைத் திட்டு செர்ஹத். இப்பத் திட்டு. அடிக்கணும்னாலும் அடி."

அவன் திட்டவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. அழுகிறானா, சிரிக்கிறானா என்று பார்க்க ஒரு அடி முன்னால் வைத்தேன். அவன் கையை நீட்டித் தடுத்தான். "கிட்ட வராதண்ணே. உன் சட்டையெல்லாம் முடி."

குளித்துவிட்டு, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தேன். தாழ்வாரத்துக்கு வந்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். கைமடிப்பில் இரண்டு, பெல்ட்டின் தையலில் ஒன்று, காதுக்குப் பின்னால் தடவினால் இன்னொன்று. குளித்து உடை மாற்றிவிட்டுப் போய்ப் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். என்னை நானே நம்பவில்லை. காயம் மூடும்வரை அவன் பக்கத்தில் போவதில்லை என்று அங்கேயே சத்தியம் செய்துகொண்டேன்.

தையல் பிரித்ததும் நெஸ்ரின் அவனைத் தன் அம்மா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். சர்க்கரை ஆலைக்கு அந்தப் பக்கம். கிரீம் போடுவதும் கழுவுவதும் கட்டுப் போடுவதும் அவள்தான். மூன்றாவது வாரம் தையல் போட்டிருந்த இடத்தின் கீழ் முனை திறந்துகொண்டது. ஒருவேளை மறுபடியுமா, அல்லது மெல்லத்தான் ஆறுமா, பொறுத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். அதற்குப் பிறகு நான் தூங்கியதாகச் சொல்ல முடியாது. வாடிக்கையாளர் கழுத்தில் மெஷினை வைத்தால் விழுகிற ஒவ்வொரு முடியையும் கண் பின்தொடர்ந்து போகும். இரண்டு பேரைக் கீறிவிட்டேன். கடையை விற்றுவிட்டால் என்ன என்று யோசித்தேன். விற்றுவிட்டு வேறு என்ன செய்வேன், எனக்குத் தெரிந்தது இது ஒன்றுதான், அதுவும் இந்த லட்சணத்தில்.

நெஸ்ரின் தினமும் காலையில் டிக்கெட் ஜன்னலைத் திறக்கும் முன் எதிர் நடைபாதையில் வந்து நிற்பாள். நடுவில் பஸ்கள் திரும்பும் அகலமான பாதை. நான் கடை வாசலில் நிற்பேன். அவள் கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் தூக்கி, காயம் எவ்வளவு திறந்திருக்கிறது என்று இடைவெளி வைத்துக் காட்டுவாள். முதல் நாள் ஒரு கொண்டைக்கடலை போகும் அளவு. ஒரு வாரம் அதே கொண்டைக்கடலை. ஒரு நாள் கொஞ்சம் பெரிதானமாதிரி தெரிந்தது. கடைக்குள் போய் முகம் துடைக்கும் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன், நாற்காலியில் பாதித் தாடி வழித்த ஆள் உட்கார்ந்திருக்கும்போதே. அந்த மனிதர் நல்லவர், கண்ணாடியில் பார்க்காததுபோல உட்கார்ந்திருந்தார். பிறகு பயறு அளவு. பிறகு பல நாள் பயறு. செப்டம்பர் இருபது. இருபத்திரண்டு. நடுவில் பஸ் வந்து மறைத்தால் அந்தப் பஸ்ஸையும் அதன் டிரைவரையும் அவன் பரம்பரையையும் திட்டுவேன்.

இருபத்தெட்டாம் தேதி நெஸ்ரின் வரவில்லை. ஜன்னல் மூடியே இருந்தது. நாற்காலியில் இருந்தவரை அப்படியே விட்டுவிட்டு வாசலில் நின்றேன். மறுபடியும் ஆஸ்பத்திரிதான், சீட்டு போச்சு, அவன் சொன்னதைச் செய்துவிடுவான் என்று என்னென்னமோ ஓடியது மனதில்.

பத்து மணிக்கு எதிர் நடைபாதையில் செர்ஹத்தே வந்து நின்றான். இளைத்துப்போயிருந்தான். முடி காதை மறைத்துக் காலர்வரை வளர்ந்து கிடந்தது, மூன்று மாதமாக யாரும் தொடவில்லை. சீருடைச் சட்டை போட்டிருந்தான். கையில் ஒரு காகிதம், டாக்டர் கையெழுத்தாகத்தான் இருக்கும். மற்ற கையைத் தூக்கிக் கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் காட்டினான். இரண்டும் ஒட்டியிருந்தன. நடுவில் ஒன்றுமில்லை.

நான் படியிலிருந்து இறங்கி ரோட்டில் கால் வைத்தேன்.

"நீ அங்கயே நில்லுண்ணே" என்றான். குரலில் கோபம் இல்லை. பயம்தான் இருந்தது. இருபத்தெட்டு வயது ஆண்பிள்ளை, என்னைப் பார்த்துப் பயந்துபோய் ஒரு அடி பின்னால் நகர்ந்தான்.

அங்கேயே நின்றேன்.